கால்மாட்டு எலும்புகள்

குழிக்குள் தனியாக இறங்கலாம். தனியாக ஏறக் கூடாது. அந்தப் பயிற்சி முகாமில் முதல் நாளே சொன்ன விதி அது. ஏறும்போது கை ஊன்றினால் ஓரம் உடையும். ஓரம் உடைந்தால், எப்போதோ அந்தக் குழியை வெட்டியவரின் மண்வெட்டித் தடம் போய்விடும். அதனால் வேலை முடிந்ததும் உள்ளிருந்து குரல் கொடுக்க வேண்டும். யாராவது வந்து கை நீட்டும்வரை, நெஞ்சு உயர மண்சுவர்களுக்கு நடுவில், காலடியில் கிடக்கும் எலும்புக்கூட்டை மிதிக்காமல் அசையாது நிற்க வேண்டும்.

எனக்குக் கை நீட்ட வந்தவள் பெரும்பாலும் என்னோடு வந்த இன்னொரு பெங்களூர்க்காரிதான். என் சிக்கலே அதுதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரில் மானுடவியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். ஐரோப்பாவில், மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில், சாலை வரப்போவதால் ஒரு பழைய தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். எலும்பைப் பார்த்து வயதையும் சாவின் காரணத்தையும் சொல்லக் கற்றுக்கொள்ளும் மாணவர்களுக்கு அங்கே நான்கு வாரப் பயிற்சி. பின்னாளில் காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் அடையாளம் தெரியாத உடல்களைப் பற்றிச் சொல்லப்போகிறவர்கள் நாங்கள். உதவித்தொகையில் எங்கள் கல்லூரியிலிருந்து இரண்டு பேர் போனோம். நானும் அவளும். ஒரே அறை.

அவள் வீடு அல்சூரில். மகாராஜா காலத்திலேயே சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்த தமிழ்க் குடும்பம். வீட்டில் பாதித் தமிழ், பாதிக் கன்னடம், கோபம் வந்தால் ஆங்கிலம். என் வீடு அடுகோடிப் பக்கம். அப்பாவின் வேலை என்ற இடத்தில், விண்ணப்பத்தில், 'மாநகராட்சி ஊழியர்' என்று எழுதியிருந்தேன். பொய்யில்லை. மாநகராட்சி இடுகாட்டில் குழி வெட்டுகிறவர் என் அப்பா. நான் பிறந்த வருஷத்திலிருந்து அங்கேதான் வெட்டுகிறார். மதிலுக்கு உள்ளே வரிசையாக மூன்று அறைகள். மூன்றாவது எங்கள் வீடு. ஒன்றாம் வகுப்பிலிருந்து என் முகவரி எதிர்ப்பக்கத்து மாலைக் கடை. என் மதிப்பெண் பட்டியல், கல்லூரிக் கடிதம் எல்லாம் சாமந்தி வாசத்தோடுதான் வரும். தோழி என்று ஒருத்தியும் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை.

எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எப்போதும் முதல் பெஞ்சு, முதல் மதிப்பெண். கல்லூரியில் எலும்பைத் தொட்ட முதல் வகுப்பில் ஒருத்தி மயங்கி விழுந்தாள். நான் மண்டையோட்டைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, மேசையில் உருளாமல் வைத்தேன். "இந்தப் பெண்ணுக்கு என்ன தைரியம்!" என்றார் பேராசிரியர். அந்தப் பாராட்டை நான் திருப்பிக் கொடுக்கவில்லை.

அந்த மதிலைவிட்டு எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் விமானத்தில் பறந்தேன். இறங்கியதும் என் கையில் மண் சுரண்டும் கரண்டி ஒன்றைக் கொடுத்துக் குழிக்குள் இறக்கினார்கள்.

இரண்டாவது வாரம் எங்கள் நால்வர் குழுவுக்கு ஒரு குழி. நான் உள்ளே, தூரிகையோடு. முழு எலும்புக்கூடு ஒன்று மல்லாந்து கிடந்தது. அதன் கால்மாட்டில் வேறு ஒருவரின் எலும்புகள்: தொடை, கை, கால் எலும்புகள் விறகு அடுக்கியதுபோல் குறுக்கே. மேலே மண்டையோடு, முகம் மண்சுவரைப் பார்த்து.

மேலே குந்தியிருந்த அல்சூர்க்காரி துள்ளிவிட்டாள். "ஏய், ரெண்டு ஆளுடி! ஒருத்தன் முழுசா, இன்னொருத்தன் பீஸ் பீஸா. பக்கா மர்டர்!"

மற்ற இருவருக்கும் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். அவர்களுக்கும் கண் விரிந்தது. எனக்கு அது கொலை இல்லை என்று பார்த்தவுடன் தெரியும். எங்கள் இடுகாட்டில் இடம் தீர்ந்து பல வருஷம். பழைய குழியைத்தான் மறுபடி திறப்பார்கள். மிச்சமிருக்கும் எலும்பை அப்பா பொறுக்கி, இப்படித்தான் அடுக்கி, இப்படித்தான் கால்மாட்டில் ஒதுக்கிவிட்டுப் புது ஆளைப் படுக்க வைப்பார். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே அதைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று தெரியும்: உனக்கு எப்படித் தெரியும்? தெரியாத ஊர்க்காரர்கள் கேட்டால்கூடச் சமாளிப்பேன். அவள் கேட்டால் அந்தப் பதில் என்னோடு அதே விமானத்தில் பெங்களூர் வந்து, கல்லூரிக் கேன்டீனில் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். 'ஒரே நேரத்தில் புதைக்கப்பட்ட இருவர், வன்முறைச் சாவு' என்று அவள் படிவத்தில் எழுதினாள். நால்வரும் கையெழுத்துப் போட வேண்டும். நானும் போட்டேன்.

எங்கள் ஆசிரியை நரைத்த தலை, மூட்டு வலி, எந்நேரமும் சூரியகாந்தி விதை கொறிக்கும் அம்மாள். படிவத்தைப் படித்துவிட்டு, "திங்கள்கிழமை வரை மாற்றிக்கொள்ளலாம்" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை விடுதிச் சமையலறைச் சுவரில் இருந்த தொலைபேசியில் மாலைக் கடைக்குக் கூப்பிட்டேன். அல்சூர்க்காரி வெளியே போயிருந்தாள். கடைக்கார அக்கா "யோவ், பாப்பா லைன்ல!" என்று கத்தியது கேட்டது. அப்பா ஓடி வந்தார். வெளிநாடு தூரம் என்பதால் அவர் எப்போதும் தூரத்துக்குத் தகுந்த சத்தத்தில்தான் பேசுவார்.

"ப்பா, இங்க ஒரு குழில, கால்மாட்டுல வேற எலும்பு அடுக்கி வெச்சிருக்குப்பா."

"அந்த ஊர்லயும் எடம் பத்தலியா?" அவர் சிரித்தது சமையலறை முழுக்கக் கேட்டது. "நெடுக்க கீதா, குறுக்க கீதா?"

"குறுக்க."

"மண்ட?"

"மேல. சொவத்தப் பாத்து."

"அப்ப அது பழைய ஆளு பாப்பா. புதுசா வந்தவருக்கு எடம் உட்டு ஒதுங்கிக்கினாரு. மண்ணப் பாரு, ரெண்டு வெட்டு தெரியும். பழைய வெட்டு ஒண்ணு, அதுக்குள்ள புது வெட்டு ஒண்ணு."

திரும்பினால் அவள் நிற்கிறாள். ஈரத் தலை, கையில் நூடுல்ஸ் பாக்கெட். அந்த ஊரில் தமிழ் புரிந்த ஒரே ஆள்.

"உங்கப்பா கார்ப்பரேஷன்னுதானே சொன்ன?"

"ஆமா."

"சுள்ளு விடாதடி, பொய் சொல்ற. கார்ப்பரேஷன் க்ளார்க்குக்கு ரெண்டு வெட்டு, பழைய வெட்டெல்லாம் எப்படித் தெரியும்?" முகம் மலர்ந்தது. "ஆர்க்கியாலஜி டிபார்ட்மென்டா? அய்யோ, சொல்ல மாட்டியா! எங்க தாத்தாவும் இப்படித்தான், பெரிய போஸ்ட்ல இருந்துட்டு வாயத் திறக்க மாட்டாரு."

அவள் நினைப்பைத் திருத்த ஒரு வார்த்தை போதும். "அப்பாவுக்குச் சொல்லிக்கப் பிடிக்காது" என்றேன். அதுவும் பொய்யில்லை. அப்படிப்பட்ட உண்மைகளைச் சொல்லுவதில் எனக்கு நல்ல பழக்கம்.

திங்கள்கிழமை நான் குழிக்குள் இருக்கும்போது அவள் மேலே நின்று எல்லாவற்றையும் ஆசிரியையிடம் சொல்லிவிட்டாள். சுவரைச் சுரண்டிப் பார்த்தோம். இரண்டு வெட்டும் பளிச்சென்று தெரிந்தன. படிவம் மாறியது. ஆசிரியை ஓரத்தில் முழங்காலிட்டு என்னைக் குனிந்து பார்த்தார்.

"உன் அப்பா எங்கே அகழாய்வு செய்கிறார்?"

"பெங்களூரில். ஒரே இடத்தில்தான்."

"எத்தனை வருஷமாக?"

"இருபத்திரண்டு."

"ஒரே தளத்தில் இருபத்திரண்டு வருஷமா! பெரிய தளமோ?"

"நிரம்பிவிட்டது" என்றேன்.

அவர் தலையை ஆட்டி வியந்தார். அல்சூர்க்காரி என் பெருமையைத் தன் பெருமைபோல் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். இன்னும் கேட்டார்கள், நான் கீழேயிருந்து அண்ணாந்து பதில் சொன்னேன். என்னை மேலே தூக்கிவிட வேண்டும் என்று அன்று இருவருக்கும் தோன்றவே இல்லை.

கடைசி நாள் ஆசிரியை அப்பாவுக்கு ஒரு கடிதம் கொடுத்தார். உறையின் மேல், 'என் சக ஊழியருக்கு' என்று இருந்தது. திரும்பும் விமானத்தில் அவள் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தாள்: "வர்ற சண்டே உங்க வீட்டுக்கு வர்றேன்டி. டாடியும் வருவாரு. அவருக்குக் கல்வெட்டுன்னா உயிரு. உங்கப்பா கூட உக்காந்தார்னா எழுந்திருக்கவே மாட்டாரு, பாரு."

கடிதத்தை இரண்டு நாள் பெட்டியில் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் அப்பா குழாயடியில் கால் கழுவிக்கொண்டே, "அந்தம்மா ஏதோ குடுத்தாங்கன்னியே, இன்னாது?" என்று கேட்டார். பிரித்துத் தமிழில் படித்துக் காட்டினேன். 'மூன்று குழிகளில் பழைய மண்டையோடு சுவரைப் பார்த்தே வைக்கப்பட்டிருக்கிறது. இது சமய நம்பிக்கை என்று எங்களில் பலர் எண்ணுகிறோம். உங்கள் அனுபவத்தில் காரணம் என்ன?' என்று கேட்டிருந்தார்.

அப்பா துண்டால் காலைத் துடைத்தார். "நம்பிக்கையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நம்மளயே பாத்துக்கினு இருந்தா வேல ஓடாது. அதான் திருப்பி வெக்கிறது. எழுது."

எழுதினேன்.

"மேல இன்னா எழுதிக்கீது? சக?"

"சக ஊழியர். கூட வேல செய்றவரு."

"அந்தம்மாவும் குழிக்குள்ள எறங்குவாங்களா?"

"எறங்குவாங்க. முட்டி வலியோட."

"அப்ப செரிதான்." பேனாவை வாங்கினார். மாநகராட்சி வருகைப் பதிவேட்டுக்காகக் கற்றுக்கொண்ட கன்னடக் கையெழுத்து ஒன்றுதான் அவருக்குத் தெரியும். அதைப் போட்டுவிட்டு, "கீழ என் வேலயப் போடு" என்றார்.

"கார்ப்பரேஷன்னு போடவாப்பா?"

"கமிஷனரும் கார்ப்பரேஷன், குப்ப வண்டிக்காரனும் கார்ப்பரேஷன். அந்தம்மா எத வெச்சு நம்புவாங்க, எனக்கு இது தெரியும்னு?"

அவருக்கு என் புளுகு எதுவும் தெரியாது. தன் பேச்சுக்கு ஆதாரம் கேட்டார், அவ்வளவுதான். குழி வெட்டுபவர் என்பதற்கான ஆங்கிலச் சொல்லை நான்காம் வகுப்பிலேயே அகராதியில் தேடி வைத்திருந்தேன். அன்றுவரை ஒரு முறைகூட எழுதியதில்லை. ஓர் எழுத்தை இரண்டு முறை போட்டு அடித்துத் திருத்தினேன்.

உறையை ஒட்டியதும் எதிரே போய் மாலைக் கடைத் தொலைபேசியில் அவளைக் கூப்பிட்டேன். தாமதித்தால் பேச மாட்டேன் என்று தெரியும்.

"சண்டே வர்றதுக்கு வழி சொல்றேன். அடுகோடில, மாலைக் கடைக்கு எதிர்ல இருக்கற கேட்."

"அது சுடுகாடு இல்லையாடி?"

"அதேதான். உள்ள மூணாவது ரூம். எங்கப்பா அங்கதான் குழி வெட்டறாரு."

அந்தப் பக்கம் யாரோ கன்னடத்தில் "யாரும்மா?" என்று கேட்டார்கள். அவள் "டாடிகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா கேசரி கிளறினாள். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் கேட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பதினொன்றரைக்கு ஆட்டோ வந்தது. அவள் மட்டும் இறங்கினாள். கேட்டுக்கு வெளியே சற்று நேரம் நின்றாள். பிறகு வந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, ஒரு வாய் கேசரி தின்று, இரண்டு வெட்டைப் பற்றி அப்பாவிடம் ஒன்றிரண்டு கேள்வி கேட்டாள். அவர் அரை மணி நேரம் பதில் சொன்னார். 'ஏன் என்னிடம் மறைத்தாய்' என்று அவள் கேட்கவில்லை, கேட்டிருக்கலாம்.

கேட்வரை கூடப் போனேன். ஆட்டோவில் ஏறும்முன் தயங்கினாள். "வீட்டுக்குப் போனதும் தல குளிக்கணும்டி. இல்லன்னா அம்மா உள்ள விட மாட்டாங்க. தப்பா எடுத்துக்காத."

"நாங்களும் தினம் குளிச்சிட்டுதான் வீட்டுக்குள்ள போறோம்" என்றேன்.

ஆட்டோ போன பிறகும் நான் மதிலுக்கு வெளியே, மாலைக் கடைப் பக்கம், நின்றுகொண்டிருந்தேன். உள்ளே அப்பா யாரிடமோ, அந்தப் பெண்ணுக்குக் குழி வெட்டுற விஷயம் தெரிந்திருக்கிறது என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.