எண்ணெயில் குளித்த பென்குயின்கள்

ஆப்பிரிக்கப் பென்குயினை இப்போது அழிவின் விளிம்பில் நிற்கும் இனங்களோடு சேர்த்திருக்கிறார்கள். செய்தியைப் படித்ததும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பழைய கோபம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சர். என் அண்ணன் வெளிநாட்டு எண்ணெய்க் கப்பலில் இன்ஜினியர். போரால் சூயஸ் கால்வாய் மூடிக் கிடந்ததால் கப்பல்களெல்லாம் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றித்தான் போய்வந்தன. லீவில் வந்திருந்தவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து சேலையூர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தான்.

"பென்குயின்னா கறுப்பு வெள்ளைன்னுதானே பாடம் நடத்தற? ஆப்பிரிக்காக் கரையில நான் பார்த்ததெல்லாம் முழுக் கறுப்பு. எண்ணெய் டேங்க் கழுவின தண்ணிய அப்படியே கடல்ல விடுவோம். அந்த எண்ணெய்ல நீந்திட்டுக் கரையேறி நிக்கும். அலகால உடம்பைக் கோதிக்கோதிப் பார்க்கும், பாவம்."

"கோதினா எண்ணெய் வயித்துக்குள்ள போகுமே அண்ணா! இறகு ஊறிட்டா குளிரும் தாங்காது. செத்துடும்."

"கடல் எவ்ளோ பெருசுன்னு உனக்குத் தெரியாது. எல்லாக் கப்பலும்தான் விடுது. கொஞ்சம் குழம்பு ஊத்து."

நான் ஊற்றவில்லை. கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு எழுந்துபோனேன்.

"எங்கியோ இருக்கற பறவைக்காகக் கூடப்பொறந்தவன்கிட்ட மூஞ்சியத் திருப்புவியா?" என்று அம்மா பின்னாலேயே வந்து திட்டினாள்.

மறுநாள் வகுப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். பாடப்புத்தகத்தில் பென்குயினுக்கு ஒரே வரி: பனிப் பிரதேசத்தில் மட்டும் வாழும் பறவை. பிள்ளைகளோ அரைப் பரீட்சையில் ஆப்பிரிக்கா என்றும் சேர்த்து எழுதினார்கள். நான் சரி போட்டேன்.

தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். "வெயில் கொளுத்தற ஆப்பிரிக்காவுல ஏது டீச்சர் பென்குயின்? எல்லாத்தையும் அடிச்சுத் திருத்துங்க."

"இருக்கு மேடம். என் அண்ணன் கண்ணால பார்த்திருக்கார். அதுங்க செத்துக்கிட்டும் இருக்கு."

"அப்போ பப்ளிக் பரீட்சை பேப்பரும் உங்க அண்ணன்தான் திருத்துவாரா?"

பக்கத்தில் இருந்த கிளார்க் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"திருத்த மாட்டேன் மேடம்" என்று விடைத்தாள்களை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

அவரே சிவப்பு மையால் அடித்துத் தீர்த்தார். அடுத்த வருடம் என் வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்து, எனக்குத் தையல் பாடம் போட்டார்கள். ஊசியில் நூல் கோக்கும்போதெல்லாம் அந்தச் சிவப்பு மை நினைவுக்கு வந்து, நூலை வெடுக்கென்று இழுப்பேன்.