நெஞ்சில் குத்திய பாதம்

என் அக்காவைப் பற்றி எழுதும்படி யாரும் கேட்கவில்லை. அவளிடம் அனுமதி கேட்டிருந்தால், "வேற வேல இல்லையா உனக்கு?" என்று விரட்டியிருப்பாள். ஆனாலும் நடந்ததை எங்காவது இறக்கி வைக்காவிட்டால் என் நெஞ்சு ஆறாது. நினைக்கும்போதெல்லாம் இன்னும் தூக்கிவாரிப் போடுகிறது.

அக்கா டாட்டூ குத்துகிறவள். பன்னிரண்டு வருடமாக அதுதான் பிழைப்பு. அதற்கு முன்னால் பல் செட் செய்யும் லேபில் இருந்தாள். அங்கே ஒரு பல் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் டாக்டர் திருப்பி அனுப்பிவிடுவார். "பல்லுன்னா திரும்பி வரும், ராவிக் குடுக்கலாம். தோல் அப்படி இல்லடா" என்று மெஷின் வாங்கிய நாளிலிருந்து என்னிடம் ஓதிக்கொண்டிருக்கிறாள்.

எங்களுடையது ஒரே ஷட்டருக்குள் இரண்டு கடை. முன்பாதி என்னுடையது. ஜெராக்ஸ், லேமினேஷன், டி-சர்ட்டில் படம் அச்சடிப்பது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அக்காவுடையது. ஒரு சாய்வு நாற்காலி, வளைத்துத் திருப்பும் விளக்கு, கை கழுவும் தொட்டி, சுவரோடு ஆளுயரக் கண்ணாடி. யார் வந்தாலும் என்னைத் தாண்டித்தான் அவளிடம் போக வேண்டும். வாட்ச்மேன் வேலைக்குத் தனிச் சம்பளம் உண்டா என்று ஒருமுறை கேட்டேன். "வாட்ச்மேன் முழிச்சிருப்பான், நீ உக்காந்தே தூங்கறவன்" என்றாள்.

இவளுக்கு வியாபாரமே தெரியாது என்றுதான் முதல் இரண்டு வருடம் நினைத்தேன். காலையில் ஒருவர், மதியம் ஒருவர், அதற்கு மேல் தொடமாட்டாள். கோபத்தில் வருகிறவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துத் திருப்பி அனுப்புவாள். காதலியின் பெயரைக் குத்தச் சொல்லி ஒரு டெலிவரி பையன் வந்தான். மூன்று மாதம் கழித்து வா என்றாள். சொன்னபடியே வந்தான், பெயர் மட்டும் மாறியிருந்தது. "இன்னும் மூணு மாசம் ஆகட்டும்பா" என்றாள், சிரிக்காமல். அவன் உடம்பில் இன்றுவரை ஒரு புள்ளிகூட இல்லை. ஆனால் அவன் அனுப்பி வந்தவர்களே ஒன்பது பேர்.

துக்கத்தோடு வருகிறவர்களுக்குக் கெடு ஆறு மாதம். அழுகிற தோலில் ஊசி வைக்கமாட்டேன் என்பாள்.

இன்னொரு பைத்தியமும் அவளுக்கு உண்டு. வந்தவர் ஒவ்வொருவருக்கும் நோட்டில் ஒரு பக்கம். என்ன தோல், எங்கே வலித்தது, எதைப் பற்றிப் பேசினால் வலியை மறந்தார், எல்லாம் அதில் இருக்கும். குத்திய மூன்றாம் நாள், பத்தாம் நாள், நாற்பதாம் நாள் போன் செய்து புண் எப்படி இருக்கிறது என்று கேட்பாள். போட்டோ அனுப்பச் சொல்வாள். மங்கியிருந்தால் கூப்பிட்டுக் காசு வாங்காமல் சரிசெய்து கொடுப்பாள். "எந்திரிச்சுப் போறதோட வேல முடியலடா. அன்னைக்குத்தான் ஆரம்பிக்குது" என்பாள். பக்கத்துத் தெருவில் பளபளவென்று திறந்த மூன்று டாட்டூ கடைகள் மூடிப்போயின. அக்காவின் நாற்காலி ஒரு வாரம்கூடக் காலியாக இருந்ததில்லை. அப்புறம்தான் எனக்குப் புத்தி வந்தது.

அப்படிப்பட்டவளிடம்தான் அந்த லிஃப்ட் மெக்கானிக் வந்தார். முதல்முறை வந்தபோது ஆறு மாதக் கெடு சொல்லி அனுப்பிவிட்டாள். சரியாக ஆறு மாதம் கழித்து வந்து நின்றார். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு சின்ன அட்டை. ஆஸ்பத்திரியில் கொடுத்தது. கறுப்பு மையில் ஒரே ஒரு பாதம், என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். மூலையில் நர்ஸ் கையெழுத்தில் 'பெண், இடது' என்று இருந்தது. பதினோரு நாள் உயிரோடு இருந்த குழந்தை. அதன் பாதத்தை அதே அளவில் இடது மார்பில் குத்த வேண்டும் என்றார்.

அட்டையைக் கையைவிட்டுக் கொடுக்க அவருக்கு மனமில்லை. ஸ்கேனரில் அவரே வைத்தார், அவரே எடுத்தார், எடுத்ததும் சட்டைப்பைக்குள் வைத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டார். நான் மூலையில் இருந்த எழுத்தை வெட்டிவிட்டுப் பாதத்தை மட்டும் அச்செடுத்து அக்காவிடம் நீட்டினேன். அதைப் பார்த்து அவள் தாளில் வரைந்து, மார்பில் ஒற்றி எடுத்தாள். "கண்ணாடியில பாத்து சொல்லுங்க சார், சரியா இருக்கான்னு" என்றாள். பார்த்தார். தலையை ஆட்டினார். இரண்டு மணி நேரம் ஆனது.

மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் அவரே செல்ஃபி எடுத்து அனுப்பினார். அழகாக ஆறி வந்தது. நாற்பதாம் நாள் போட்டோவை அவர் மனைவி எடுத்திருந்தார். நோட்டில் ஒட்டுவதற்காக அதையும், அட்டையை ஸ்கேன் செய்ததையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து அச்செடுத்தேன். தாள் வெளியே வந்தது. வெட்டப் போனவன் கத்தரிக்கோலை அப்படியே வைத்துவிட்டேன்.

அட்டையில் பெருவிரல் வலது பக்கம் இருந்தது. அவர் நெஞ்சில் இடது பக்கம்.

ஒரு நிமிடம் ஒன்றுமே புரியவில்லை. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். பிறகு புரிந்தது. அவர் வந்த அன்று காலை ஒரு பள்ளிக்கூட அணிக்கு டி-சர்ட் அச்சடித்துக்கொண்டிருந்தேன். துணியில் இஸ்திரி போட்டு ஒட்டுகிற படத்தை இடவலமாகத் திருப்பி அச்செடுக்க வேண்டும், அப்போதுதான் சட்டையில் நேராக விழும். அந்த அமைப்பை மாற்றாமலே அன்று பாதத்தையும் அச்செடுத்துவிட்டேன். பாதம் திரும்பித்தான் வெளியே வந்திருக்கிறது. எழுத்தை வெட்டாமல் விட்டிருந்தால் அதுவாவது காட்டிக்கொடுத்திருக்கும். அவர் பார்த்ததோ கண்ணாடியில். அவர் போனின் செல்ஃபியும் கண்ணாடி மாதிரிதான் காட்டும். திரும்பினது திரும்பித் தெரிந்ததால் எல்லோருக்கும் சரியாகவே தெரிந்திருக்கிறது. இடது கால் கேட்டவருக்கு நாங்கள் வலது காலைக் குத்தி அனுப்பியிருக்கிறோம், அழிக்க முடியாதபடி.

அக்காவிடம் தாளைக் கொடுத்தேன். பார்த்தாள். பேயறைந்தவள் மாதிரி அப்படியே தன் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது.

"அக்கா, அவருக்குத் தெரியாது. கண்ணாடில பாத்து சந்தோஷமா இருக்காரு. நாமளா ஏன் போய்..."

முடிப்பதற்குள் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. சின்ன வயதில்கூட என்னை அடித்ததில்லை அவள். வலித்ததைவிட அதிர்ச்சிதான் அதிகம்.

"தப்பு என்னோடதுக்கா. மெஷின மாத்தாம விட்டது நான்தான்."

"ஊசி என் கைல இருந்துது. அட்டைய ஒரு தடவ என் கண்ணால பாத்து ஒப்பிட்டிருந்தா போதும். குடுக்க மனசில்லாம நின்ன மனுஷன்கிட்ட கேக்க எனக்குக் கூச்சமா இருந்துச்சு." அதற்குள் போனை எடுத்துவிட்டாள்.

மெக்கானிக் வேலைக்கு நடுவில் வந்தார். தோளில் கருவிப் பை, கையில் கிரீஸ். காசு வாங்காமல் சரிசெய்து கொடுக்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்திருப்பார் போல, "ரொம்ப நல்லா இருக்கு மேடம், ஒண்ணும் செய்ய வேணாம்" என்றுதான் உள்ளே வந்தார். அக்கா அவரை உட்காரச் சொல்லவில்லை. தாளைக் காட்டி, சுற்றி வளைக்காமல், மூன்றே வரியில் சொன்னாள். அவள் பின்னால் நான் நின்றேன்.

அவர் சட்டையைத் திறந்தார். குனிந்து பார்த்தார், கண்ணாடியில் பார்த்தார், மறுபடி குனிந்து பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து நெஞ்சின் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். முகத்தில் ரத்தமே இல்லை.

"அப்ப இது என் பொண்ணு கால் இல்லையா?"

அக்கா பன்னிரண்டு வருடத்தில் எத்தனையோ பேரைப் பேசி ஆற்றியவள். அன்று லேசரில் அழிப்பது, செலவு என்றுதான் ஏதோ ஆரம்பித்தாள். அவர் காதில் விழவில்லை. பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். கருவிப் பை தரையிலேயே கிடந்தது.

அன்றிலிருந்து அக்கா யாருக்கும் ஊசி எடுக்கவில்லை. வரவேண்டியவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து நடந்ததை அப்படியே சொன்னாள். "என் கைல தப்பு நடந்திருக்கு. வேற இடம் பாத்துக்கறதுன்னா பாத்துக்குங்க" என்றாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். இவள் கடையை இவளே மூடுகிறாளே என்று கத்தினேன். "மூடினா மூடட்டும்" என்று கை கழுவும் தொட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பளிச்சென்று இருந்த தொட்டியை நான்கு நாள் தேய்த்தாள்.

நான்காம் நாள் மதியம் ஒரு பெண் வந்து என் மேஜை முன்னால் நின்றார். ஜெராக்ஸா என்றேன்.

"பை எடுக்க வந்தேன். லிஃப்ட் மெக்கானிக்கோட வீட்டுக்காரி."

உள்ளே கையைக் காட்டினேன். சண்டைதான், அக்காவை நாற அடிக்கப் போகிறார், அவள் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொள்ளப் போகிறாள் என்று பின்னாலேயே போனேன். அவர் பையைத் தூக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நாலு நாளா அவரு சட்டையக் கழட்டல. குளிக்கப் போறதும் சட்டையோட, தூங்கறதும் சட்டையோட. இன்னைக்குக் காலைலதான் வாயத் தொறந்தாரு. அழிச்சிடறேன்னு நிக்கறாரு."

"நானே கூட வர்றேன்மா. எங்க நல்லா அழிப்பாங்கன்னு விசாரிச்சிட்டேன்" என்றாள் அக்கா.

"யாரு அழிக்கச் சொன்னா?"

அக்கா நிமிர்ந்தாள்.

"அட்டைல ஏன் ஒரு காலு மட்டும் இருக்குன்னு இதுவரைக்கும் யாருமே கேக்கல. நீங்களும் கேக்கல. வலது கால்லதான் ஊசி ஏத்தியிருந்தாங்க. பொறந்ததும் தூக்கிட்டுப் போயிட்டாங்க, நான் மொதல்ல பாக்கறப்பவே அந்தக் கால்ல கட்டு. பதினோரு நாளும் கட்டு. குடுக்கும்போதும் துணியில சுத்திக் குடுத்துட்டாங்க, அவிழ்த்துப் பாக்கற தெம்பு எனக்கு இல்ல. நான் பெத்த புள்ளையோட ஒரு கால நான் பாத்ததே இல்ல."

அவர் அழவில்லை. நான்தான் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னைக்குக் காலைல சட்டைய இழுத்துக் கழட்ட வச்சேன். வலது காலு. விரல் அஞ்சு. குதிகால். அப்படியே இருக்கு. நீங்க பண்ணது தப்புதான், மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காதீங்க. ஆனா அத அழிக்க விட மாட்டேன். நீங்க சொன்னா அவரு கேப்பாரு. நீங்களே சொல்லுங்க."

இப்படியும் ஒருத்தர் வந்து சொல்வார் என்று கனவில்கூட நினைத்திருக்கமாட்டேன்.

அந்த அம்மா கைப்பையைத் திறந்து உறையோடு அட்டையை எடுத்து அக்காவின் மடியில் வைத்தார். "இடது காலு எனக்கு" என்றார்.

அக்கா உடனே சரி சொல்லவில்லை. அட்டையைத் திருப்பிக் கொடுத்து, பத்து நாள் தள்ளி ஒரு நாள் குறித்தாள், மனம் மாறினால் வராமல் இருக்கலாம் என்றும் சொல்லி அனுப்பினாள். அன்று மாலையே மெக்கானிக்குக்குப் போன் செய்தாள். என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது, என்னை வெளியே அனுப்பிவிட்டாள்.

பத்தாம் நாள் இருவரும் சேர்ந்தே வந்தார்கள். அட்டையை நான் வாங்கக் கை நீட்டினேன். "நீ தொடாத" என்று அக்கா பிடுங்கிக்கொண்டாள். ஸ்கேனர் பக்கமே போகவில்லை. அட்டையின் மேல் மெல்லிய தாளை வைத்து, லென்ஸ் மாட்டிக்கொண்டு, ஒரு மணி நேரம் உட்கார்ந்து கையாலேயே எடுத்தாள். மார்பில் ஒற்றியதும் கண்ணாடியைத் துணி போட்டு மூடினாள். அந்த அம்மாவிடம் அட்டையைக் கொடுத்து, "குனிஞ்சு பாத்து சொல்லுங்க, எந்தக் காலு?" என்றாள். அவர் சொன்னார். மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவரும் சொன்னார். கடைசியில் என்னையும் கூப்பிட்டு, நானும் சொன்ன பிறகுதான் விட்டாள்.

மெக்கானிக் முன்பாதியில் வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். நடந்ததற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றும் வெளியே ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே மெஷின் சத்தம் ஆரம்பித்தது. அவர் கை தானாகச் சட்டையின் மேல், இடது பக்கம் போனது.

"தம்பி" என்றார், என்னைப் பார்க்காமலே. "ரெண்டும் ஒரே அளவுதானே இருக்கும்?"

"ஒரே அளவுதான் சார்" என்றேன். மெஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது.

"என்ன?"

திரும்பவும் சொன்னேன்.