ஓரோ வந்த வியாழக்கிழமை

மூட்டையின் வாயைத் தைப்பதற்கு முன் பெரியம்மா ஒரு சிட்டிகை மரவள்ளி ரவையை எடுப்பாள். வாயில் போட மாட்டாள். கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கவும் மாட்டாள். தலைக்கட்டை ஒரு விரலால் ஒதுக்கிவிட்டு, கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் வைத்துக் காதோரம் தேய்ப்பாள். நன்றாக உலர்ந்த ரவை மணலைப்போலக் கரகரக்கும். ஈரம் மிச்சமிருந்தால் துணியில் துணி உரசுவதுபோல மந்தமான சத்தம் வரும். அப்படி வந்தால் மூட்டை முழுவதும் மறுபடி வாணலிக்குப் போகும். தேய்த்த சிட்டிகையைக் கீழே போடாமல் மடியில் தட்டிக்கொள்வாள். சாயங்காலம் எழுந்து மடியை உதறும்போது கோழிகள் ஓடிவரும்.

அவள் பெயர் இபிதுன்னி. என் அம்மாவின் அக்கா. அம்மா இறந்த பிறகு, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக வந்த நான் அவள் வீட்டின் பின்னறையில் தங்கியிருந்தேன். இசான்-ஒடோவில் ரவை வறுக்கும் பெண்கள் பலர். ஆனால் சொந்தக் கிணறும், அதற்கு எதிரே கூரை போட்ட அடுப்புகளும் அவளிடம்தான் இருந்தன. பாதி ஊர் அங்கேதான் வறுத்தது.

அந்த வருஷம் லாகோஸ் பக்கத்துத் தொழிற்பேட்டை எங்கள் திசையில் வளர்ந்துகொண்டே வந்தது. அதிலிருந்து நெடுஞ்சாலைக்கு ஒரு கம்பெனி சாலை போடப்போகிறதாம். கோடு எங்கள் மரவள்ளிக் காட்டின் நடுவே வந்தது. பெரியம்மாவின் கிணறும் அடுப்பும் அந்தக் கோட்டில் இருந்தன. எல்லை முளை அடித்துவிட்டால் பிறகு பேச்சுக்கே இடமில்லை என்பது பக்கத்து ஊர்களைப் பார்த்து எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முளை அடிக்க வரும் நாளில் காட்டில் போய் உட்கார்ந்துவிடுவது என்று பெண்கள் முடிவு செய்தார்கள். முன்னால் உட்காரப் போவது பெரியம்மா.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் லாசிசி மாமா வந்தார். பெரியம்மாவுக்கு அண்ணன். ஊர்த்தலைவருக்கு அடுத்து உட்காரும் பெரியவர்களில் ஒருவர்.

"இபிதுன்னி, வியாழக்கிழமை ஓரோ வெளிய வருது. விடிஞ்சதுலேருந்து பொழுது சாயற வரைக்கும். ஒரு பொம்பளை தலை வெளிய தெரியக்கூடாது."

"வியாழக்கிழமைதானே அண்ணே கம்பெனிக்காரன் வர்றதாப் பேச்சு?"

"அதுக்குத்தானே ஓரோ. அது வெளிய இருக்கறப்ப எந்த அந்நியன் ஊருக்குள்ள கால் வெப்பான்? நீங்கல்லாம் வெயில்ல உக்காந்து தொண்டை கிழியக் கத்த வேணாம். பெரியவங்க நாங்க இருக்கோம்."

"இத்தனை நாளா எங்க இருந்தீங்க பெரியவங்க?"

"வாய்க்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்ல உனக்கு. விருந்துக்கு ஒரு பேசின் ரவை அனுப்பு. நல்லா வறுத்ததா."

அவள் இரண்டு பேசின் அனுப்பினாள். அன்று அடுப்பங்கரையில் பெண்கள் பாடிக்கொண்டே கிழங்கு உரித்தார்கள்.

ஓரோ ஆண்கள் மட்டும் வெளியே எடுக்கும் சாமி; அதைப் பற்றி நான் அதிகம் எழுதுவது முறையல்ல. அதன் சத்தம் காற்றே உறுமுவதுபோல இருக்கும். கண்ணால் பார்த்த பெண் உயிரோடு இருக்க மாட்டாள் என்பது ஊரின் நம்பிக்கை. நம்பாதவர்களும் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

வியாழக்கிழமை நான் ஆண்களோடு போகவில்லை. கூட்டம் எனக்கு ஒத்துவராது. ஜன்னல் இடுக்கில் தெரிந்த காலியான தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் முதல் உறுமல் கேட்டபோது தெருமுனையில் ஒரு பெண் நின்றிருந்தாள். பேன்ட், மண் அப்பிய பூட்ஸ், தோளில் பை. எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

நான் சொல்லி முடிப்பதற்குள் பெரியம்மா கதவை ஒரு கையளவு திறந்து, பையின் வாரைப் பிடித்து அவளை உள்ளே இழுத்துத் தாழ் போட்டாள்.

"சாகறதுக்குன்னே கெளம்பி வந்தியா நீ?"

அந்தப் பெண் மூச்சு வாங்கிக்கொண்டே, பூட்ஸோடு, தரையில் முட்டி போட்டு வணங்கினாள். "மன்னிச்சிருங்கம்மா. எனக்குத் தெரியாது."

"ஓரோ தெரியாத நீ எந்த ஊருக்காரி?"

"லாகோஸ்ல வளந்தேன்மா. பேரு தெனியோலா."

அவள் எழுந்தபோது பையிலிருந்து மஞ்சள் தொப்பி எட்டிப் பார்த்தது. அதில் கம்பெனி முத்திரை. பெரியம்மா அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நிலம் அளக்க வர்ற பொண்ணு நீதானா?"

"ஆமாம்மா."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மொரோலாயோவின் குரல் வந்தது. நிறைமாதக்காரி. "அக்கா, யாரு உங்க வீட்டுக்குள்ள?"

"ஆடு. உள்ள பூந்துருச்சு."

"ஆடு பூட்ஸ் போட்டுக்கிட்டு நடக்குதா?"

"லாகோஸ் ஆடுடி. நீ படு."

பெரியம்மா ஒரு குவளைத் தண்ணீரை நீட்டினாள். "குடி. வீட்டுக்குள்ள வந்துட்டே. காட்டுல பாத்திருந்தா வேற மாதிரி பேசியிருப்பேன்."

வெளியே உறுமல் கிட்டே வந்து விலகிப் போயிற்று. தெனியோலாதான் பேச்சை ஆரம்பித்தாள்.

"எங்க தாத்தா கோகோ விவசாயிம்மா. கோகோ வித்த காசுல இந்தப் பக்கம் பள்ளிக்கூடம் வந்துச்சு. அதுல எங்கப்பா படிச்சார். அதனாலதான் நான் படிச்சேன். நல்லது வர்றதுக்கு நாளாகும். ரோடு வந்தா உங்க ரவை மத்தியானத்துக்குள்ள லாகோஸ் போயிடும்."

"போகட்டும். கிழங்கு விளையற மண்ணு ரோட்டுக்கு அடியில. அடுப்பு அடியில. தண்ணி அடியில. நான் காலி மூட்டையையா லாகோஸ் அனுப்பறது?"

"நஷ்டஈடு குடுப்பாங்கம்மா..."

"எங்கம்மாவும் கோகோ சுமந்தவதான். மைல் கணக்கா, தலையில. உங்கப்பா படிச்சார், நல்லா இருக்கட்டும். சுமந்தவளுக்கு என்ன வந்துச்சுன்னு உங்க வீட்டுல யாராவது ஒருநாள் பேசியிருக்கீங்களா?"

தெனியோலா இன்னொரு மடக்குக் குடித்தாள்.

அப்போது பெரியம்மா கையை உயர்த்தினாள். தலைக்கட்டை ஒரு விரலால் ஒதுக்கினாள். "இரு. அதுக்கடியில வேற ஒரு சத்தம் இருக்கு."

எனக்கு முதலில் ஒன்றும் கேட்கவில்லை. உறுமல் தேய்ந்தபோதுதான் அது தனியாகத் தெரிந்தது. பனைத்தோப்புக்கு அப்பால், இரும்பின் மேல் இரும்பு விழும் சத்தம். நாலைந்து அடி. கொஞ்சம் இடைவெளி. மறுபடி நாலைந்து அடி, சற்றுத் தள்ளி. தெனியோலாவின் குவளை உதட்டருகே போய் அப்படியே நின்றது.

"என்னது அது?" என்றாள் பெரியம்மா.

"எங்க ஆளுங்கம்மா. முளை அடிக்கறாங்க."

"இன்னைக்கா?"

"என்னை இன்னைக்கு வராதேன்னாங்க. ஏன்னு சொல்லல. அளக்கற மெஷினோட பேட்டரிய பள்ளிக்கூடத்துல விட்டுட்டேன், அதை எடுக்கத்தான் வந்தேன். சத்தியமா எனக்கு..."

பெரியம்மா அதைக் கேட்கவில்லை. கதவுக்குப் போய்த் தாழில் கை வைத்துவிட்டாள்.

சுவர்கள் பேச ஆரம்பித்தன. "அக்கா, கேக்குதா?" என்றாள் மொரோலாயோ. அவளுக்கு அடுத்த வீட்டிலிருந்து இன்னொரு "கேக்குதா?" தெருவின் கடைசிவரை அது போய்ச் சேர்ந்தது. பிறகு எல்லா வீடும் அமைதியாயிற்று. இந்தக் கதவு என்ன செய்யப் போகிறது என்றுதான் எல்லோரும் காது கொடுத்திருந்தார்கள்.

உறுமல் எங்கள் தெருவுக்குள் திரும்பியது. தாழ் பாதி நகர்ந்திருந்தது.

"வேணாம்மா" என்றாள் தெனியோலா.

"அக்கா, நீ தொறந்தா நானும் தொறப்பேன்" என்றது சுவர். "செத்தா சேந்தே சாவோம்."

பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டாள். உறுமல் கதவைத் தொட்டுக்கொண்டு போவதுபோலக் கடந்தது. கூரைத் தகடு அதிர்ந்தது. அது கடந்த பிறகு அவள் சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

"வயித்துப் பிள்ளைய வெச்சுக்கிட்டு என்ன பேச்சுடி பேசற? உள்ள இரு. யாரும் தொறக்கக் கூடாது."

தாழை மறுபடி முழுக்கத் தள்ளினாள். என் பக்கம் திரும்பினாள். "நீ ஆம்பளை. ஓடு. மாமாகிட்ட சொல்லு, ஓரோவையும் மதிக்காம கம்பெனிக்காரன் காட்டுக்குள்ள நிக்கறான்னு."

ஓடினேன். ஊர்த்தலைவர் வீட்டு மரத்தடியில் பெரியவர்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கிளையில் கிடாத்தோல் தொங்கியது. வெள்ளைத் தோல், நெற்றியில் ஒரு பழுப்புத் திட்டு. நடுவே பெரியம்மாவின் இரண்டு பேசின்கள். கிளறிய களி பாதிக்குமேல் தீர்ந்திருந்தது. நெஞ்சு மண்ணில் பட விழுந்து வணங்கிவிட்டு விஷயத்தைச் சொன்னேன். இங்கே சுத்தியல் சத்தம் வீட்டில் கேட்டதைவிடத் தெளிவாகவே கேட்டது.

யாருடைய கையும் நிற்கவில்லை.

"அப்படியா?" என்றார் மாமா. "நாங்க பாத்துக்கறோம் வாத்தியாரே. நீ வீட்டுக்குப் போ. சாப்பிட்டியா?" பதிலுக்குக் காத்திராமல் ஒரு துண்டு கறியை இலையில் சுருட்டிக் கையில் கொடுத்தார்.

வீட்டில் அதை யாரும் தொடவில்லை. பொழுது சாயும்வரை முளை அடிக்கும் சத்தம் நிற்கவில்லை. ஓரோ திரும்பிப்போன பிறகு தெனியோலா மறுபடி முட்டி போட்டு எழுந்தாள். "கோட்டைக் கொஞ்சம் தள்ளச் சொல்லிப் பாக்கறேன்மா."

"பாரு" என்றாள் பெரியம்மா. அதற்குப் பிறகு அந்தப் பெண்ணை எங்கள் பக்கம் யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் காடு முழுக்கச் சிவப்புத் துணி கட்டிய இரும்பு முளைகள். ஒன்று கிணற்றுக்கும் அடுப்புக்கும் நடுவில். பெண்கள் கூட்டமாக ஊர்த்தலைவர் வாசலுக்குப் போனார்கள். மாமாதான் எழுந்து பேசினார். "ஓரோவையே மதிக்காத பயலுக! நம்ம சாமிக்கே பயப்படாதவன் நமக்கா பயப்படுவான்?" என்று தரையில் துப்பினார். சில பெண்கள் அழுதார்கள். பெரியம்மா அவருக்கு ஆறுதல் சொன்னாள். "நீங்க என்ன பண்ணுவீங்க அண்ணே, உங்களால ஆனதைப் பண்ணீங்க."

சாலை வந்தது. ரவை மத்தியானத்துக்குள் லாகோஸ் போய்ச் சேர்கிறது என்பதும் உண்மைதான், வேறு யாருடைய ரவையோ. பெரியம்மா அடுத்த ஊரில் வாடகைக் கொட்டகையில் வறுக்கிறாள். கிழங்கு லாரியில் வருகிறது. லாரிகளின் இரைச்சலில் சிட்டிகையின் சத்தம் கேட்பதில்லை என்று கொட்டகைக்குப் பின்னால் போய், ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறுகாதருகே தேய்க்கிறாள். மொரோலாயோவின் மகன் பள்ளிக்கூடம் போகிறான். தொழிற்பேட்டை வாசலில் காவலுக்கு எங்கள் ஊர்ப் பையன்கள் சிலரை எடுத்திருக்கிறார்கள். சாலையோரம் லாசிசி மாமாவுக்குப் பெரிய சிமெண்ட் கடை. கேட்டால், நேரம் நல்லா இருந்துச்சு என்பார்.

போன மழைக்காலத்தில் ஒரு மினிபஸ்ஸில் டிரைவர் பக்கத்து இருக்கையில் இடம் கிடைத்தது. டிரைவர் பெயர் சுராஜு. முன்பு கம்பெனியின் பிக்கப் ஓட்டியவன். நான் எந்த ஊர் என்று கேட்டதும் சிரித்துவிட்டான்.

"இசான்-ஒடோவா? அங்க ஒரு கிடா கொண்டு போனேன் வாத்தியாரே. ஓரோன்னு ஊருக்குச் சொல்றதுக்கு முந்தின நாள், திங்கக்கிழமை. வெள்ளைக் கிடா, நெத்தியில பழுப்பா ஒரு திட்டு. கம்பெனி வாங்கிக் குடுத்தது. வண்டிய நாறடிச்சிருச்சு. லாசிசின்னு ஒரு பெரியவர், அவர்தான் வந்து கயித்தை வாங்கிக்கிட்டார்."