சட்டையில் இல்லாத புள்ளி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். வெள்ளைச் சட்டை விஷயத்தில் அது இன்னும் கொஞ்சம் முன்னால் நிற்கும். அபிராமபுரத்தில் எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் பெண்ணுக்கு இது நன்றாகவே தெரியும். அவளுக்கும் என் வயதுதான் இருக்கும். அவள் குடிசையை அரசாங்கம் எடுத்துவிட்டு ஊருக்கு வெளியே வீடு கொடுத்த பிறகும், இரண்டு பஸ் மாறி இங்கே வந்துதான் கரிப்பெட்டி பிடிக்கிறாள்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, அவள் தேய்த்துக் கொடுத்த என் கணவரின் சட்டையில் கரும்புள்ளி. கரித்தூள்தான் என்று திருப்பி அனுப்பினேன். மறுநாள் வந்ததிலும் புள்ளி, கூடவே ஒரு நூல். மூன்றாம் நாள் நானே சட்டையைத் தூக்கிக்கொண்டு போய், தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

அவள் அதை வெயிலில் விரித்துப் பார்த்தாள். "எங்கம்மா கீது? ஒண்ணும் தெரியலியே."

"இதோ" என்று விரலை வைத்தேன். புள்ளி நகர்ந்தது. விரலை நகர்த்தினேன். அது காலரில் ஏறி, சட்டையை விட்டே இறங்கி, எதிர்வீட்டுச் சுவரில் போய் நின்றது. "பூச்சியா அது?" என்றேன்.

"பூச்சி இல்லம்மா, அது உங்க கண்ணுக்குள்ள கீது. எனக்கும்தான் ரொம்ப நாளா கீது."

அன்று மாலையே அடையாறில் ஒரு கண் டாக்டரிடம் ஓடினேன். சொட்டு மருந்து விட்டு, வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார். கண்ணுக்குள் இருக்கும் கூழ் வயதானால் அங்கங்கே திரண்டுவிடுமாம். அதன் நிழலைத்தான் நான் சட்டையில் பார்த்திருக்கிறேன். பயமில்லை, ஆனால் ஓரத்தில் பளிச் பளிச்சென்று மின்னினாலோ, பார்வையில் ஒரு பக்கம் திரை விழுந்த மாதிரி இருண்டாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் வரவேண்டும், விழித்திரை கிழிந்துகொண்டிருக்கலாம் என்றார். இந்தக் கண்ணை நம்பி எத்தனை பேரை ஏசியிருக்கிறேன் என்று ஆட்டோவில் நினைத்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

மன்னிப்புக் கேட்கிற வழக்கம் எனக்கு இல்லை. அதனால் மறுநாள் காலை வண்டிக்குப் போய், டாக்டர் சொன்னதை அவளிடம் கதையாகச் சொன்னேன். மின்னுவது பற்றிச் சொன்னதும் அவள் கை நின்றது.

"எனக்கு நாலு நாளா மின்னிக்கினுதாம்மா கீது. கரி தெறிக்குதுன்னு நெனச்சிக்கினு கீறேன்."

இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தேன். மூடி இறங்கியிருந்தது. பக்கத் துளைகளில் தெரிந்த கரி நீறு பூத்துக் கிடந்தது. பொறி பறக்க வழியே இல்லை.

"எந்தக் கண்ணு? நல்ல கண்ண மூடிட்டு என்னைப் பாரு."

மூடினாள்.

"உங்க மூஞ்சி தெரியுதும்மா. கழுத்துக்குக் கீழ காணோம். ஒரே கறுப்பா கீது."

தெருவில் போன ஆட்டோவைக் கத்தி நிறுத்தினேன். "ஏறும்மா, சீக்கிரம்" என்றேன். அவள் நகரவில்லை. பெட்டியைத் திரும்பவும் கையில் எடுத்தாள்.

"இந்த ஒண்ண முடிச்சிட்டு வரேம்மா. லேட்டானா கத்துவாங்க."

யார் என்று நான் கேட்கவில்லை. வண்டிமேல் விரித்திருந்தது எங்கள் வீட்டுத் துணி.