கரும்பலகைக் கடிதம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். விடுதிப் பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'கொச்சிக்காய்', அதாவது மிளகாய், என்பது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரித் திரிகிறேன். முப்பது சொச்சம் பெண்பிள்ளைகளை, குழாயில் தண்ணீர் வராத நாளிலும், நேரத்துக்குப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்தி அனுப்பிப் பாருங்கள். உங்களுக்கும் அந்தப் பெயர்தான் வரும்.

திருகோணமலை நகரத்துக்குள், கடற்கரைக்குப் போகும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது இந்த விடுதி. மேல்மாடியில் நின்றால் துறைமுகத்துக் கப்பல்களின் தலை தெரியும். இன்றைக்கு நான் இதற்குப் பொறுப்பாளர். ஒரு காலத்தில் இதே மாடியில் பாய் போட்டுப் படுத்த பிள்ளை. பத்து வயதில் அப்பா என்னைத் தம்பலகாமத்திலிருந்து உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு வந்து, பெட்டியையும் என்னையும் இறக்கிவிட்டுப் போனார். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் யானை நிற்கும். யானை இல்லாவிட்டால் சோதனைச்சாவடி. அப்பாவைக் குறை சொல்ல முடியாது.

முதல் வருடம் முழுக்க நான் பாயில் மூத்திரம் போனேன். இதை எழுதும்போது இப்போதும் காது சுடுகிறது. மற்றப் பிள்ளைகள் பல் விளக்கும் நேரத்தில், நனைந்த பாயைத் தலையில் வைத்துக்கொண்டு கிணற்றை மூன்று தரம் சுற்ற வேண்டும். விடுதியைப் பார்த்துக்கொண்ட அம்மாவை மேற்றன் என்று கூப்பிடுவோம். இது அவருடைய வைத்தியம். வைத்தியம் பலித்ததோ, வயதுதான் வந்ததோ, ஒரு நாள் நின்றுவிட்டது. ஆனால் மழை நாளில் ஈரப்பாய் மணத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வீட்டுக்குக் கடிதம் எழுதும் நேரம். மேற்றன் கரும்பலகையில் எழுதிவிடுவார்: 'அன்புள்ள அம்மா அப்பாவுக்கு, நான் நலமாக இருக்கிறேன். நன்றாகப் படிக்கிறேன். இங்கு எல்லோரும் என்னை அன்பாகப் பார்க்கிறார்கள்.' அதைப் பார்த்து எழுதிவிட்டு, கீழே சொந்தமாக இரண்டு வரி எழுதலாம். உறையை ஒட்டக் கூடாது. மூத்த பிள்ளை ஒருத்தி எல்லாக் கடிதத்தையும் வாசித்து, சிவப்புப் பேனையால் பிழை திருத்தி, 'கூடாத கதை' ஏதும் இருந்தால் மேற்றனிடம் கொடுக்க வேண்டும். பதினாறு வயதில் அந்தச் சிவப்புப் பேனை என் கைக்கு வந்தது. கடவுளே, அதைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு நான் நடந்த நடை!

மாதத்தின் முதல் ஞாயிறு, வீட்டுக்காரர் வந்து பிள்ளைகளைப் பார்க்கும் நாள். தாய்மார் சாப்பாட்டுப் பெட்டிகளோடு வருவார்கள். எனக்கு ஒருவரும் வருவதில்லை. வயல் வேலை, கைக்குழந்தைகள், பாதையும் சரியில்லை. அந்த நாட்களில் நான் ஏதோ தலைபோகிற வேலை இருக்கிற மாதிரி அலுமாரியை அடுக்கிக்கொண்டே இருப்பேன்.

சிவப்புப் பேனை என் கைக்கு வந்த அந்த வருடம் ஒரு சின்னப்பிள்ளை வந்து சேர்ந்தாள். ஒன்பது வயது. இறக்கக்கண்டிக்கு அங்கால் ஒரு கடற்கரைக் கிராமம். அவளும் பாயை நனைத்தாள். நியாயத்துக்கு, அவளைக் கட்டிப் பிடித்து 'பரவாயில்லை, எனக்கும் இருந்தது' என்று சொல்லியிருக்க வேண்டிய ஆள் நான்தான். நான் என்ன செய்தேன்? மேற்றனுக்கு அப்போது வயது போய்விட்டது; காலையில் கிணற்றடிப் பொறுப்பும் என்னிடம் வந்திருந்தது. பாயைத் தூக்கி அவள் தலையில் வைத்தது என் கை. 'நேரே நட' என்றது என் வாய். மூன்று சுற்றை நான் ஐந்தாக்கினேன். எனக்கு நடந்தது அவளுக்கும் நடக்கட்டும் என்ற எரிச்சல் என்றுதான் நினைக்கிறேன். சீ, என்ன மனுஷி நான்.

ஒரு ஞாயிறு அவளுடைய கடிதத்தை எடுத்தேன். பலகையில் இருந்த ஒரு வரிகூட அதில் இல்லை. வட்ட வட்டமான எழுத்தில் எழுதியிருந்தாள்: 'அம்மா என்னை வந்து கூட்டிக்கொண்டு போங்கோ. நான் பாயில மூத்திரம் போறன். ஒரு அக்கா பாயைத் தலையில வச்சுக் கிணத்தச் சுத்தி நடக்கச் சொல்லுறா. எல்லாரும் சிரிக்கினம்.'

'ஒரு அக்கா' என்ற இடத்தில் என் கண் நின்றது. தாளின் மறுபக்கமும் எழுதியிருந்தாள். நான் திருப்பவில்லை. முறைப்படி அதை மேற்றனிடம் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தால் ஐந்து சுற்றுக் கதை வெளியே வந்துவிடும். நாலாகக் கிழித்து மதிலுக்கு அப்பால் போட்டேன். எங்கள் நகரத்து மான்களைத் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அவற்றுக்குப் புல்லும் ஒன்றுதான் காகிதமும் ஒன்றுதான். ஒழுங்கையில் நின்ற மான் ஒன்று வந்து கடிதத்தைச் சப்பித் தின்றது. வாசல் படலையடியில் நின்று அவளும் அதைப் பார்த்தாள்.

"போய்ப் பலகையப் பாத்து எழுது" என்றேன்.

போய் எழுதினாள். அந்தக் கடிதத்தில் எனக்குத் திருத்த ஒரு பிழையும் இருக்கவில்லை.

அடுத்த முதல் ஞாயிறு அவளுடைய தாய் வந்தார். வேண்டுமென்றே இரண்டு முழம் மட்டும் தள்ளி, பேச்சு காதில் விழும்படி நான் நின்றேன். "எப்பிடி மகள் இருக்கிறாய்?" என்று தாய் கேட்டார். "நல்லா இருக்கிறன் அம்மா" என்றாள். தாய் போன பிறகு, சாப்பாட்டுப் பெட்டியின் மூடியில் நாலு இறால் பொரியலை வைத்து என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள்.

"என்ன, காக்கா பிடிக்கிறியோ?" என்றேன்.

மூடியை நீட்டியபடியே நின்றாள். நான் இறாலையும் தின்றேன். அடுத்த நாள் காலை அவளைப் பாயையும் தூக்க வைத்தேன். பிறகு நான் உயர்தரப் பரீட்சை முடித்து வெளியேறினேன். அவளை அதற்குப் பிறகு காணவில்லை.

ஆசிரியராகி, சுற்றிச் சுழன்று, இதே விடுதிக்குப் பொறுப்பாக வந்தேன். வந்த புதிதில் உளவளத்துணைப் பயிற்சி ஒன்றுக்கு அனுப்பினார்கள். வட்டமாகக் கதிரை போட்டு இருத்தி, சின்ன வயதில் மனதை நோகச் செய்த ஒன்றைச் சொல்லுங்கள் என்றார்கள். நான் கிணற்றையும் பாயையும் சொல்லி விம்மி விம்மி அழுதேன். ஒருவர் தண்ணீர் தந்தார், ஒருவர் முதுகைத் தடவினார். நெஞ்சு லேசானது உண்மை. அதன் பிறகு பல வருடமாக வந்த கெட்ட கனவும் குறைந்தது. ஆனால் எனக்கு நடந்ததை மட்டும்தான் சொன்னேன், நான் செய்ததைச் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்துவிட்டு, சான்றிதழையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வந்து விடுதியை மாற்றினேன். மேற்றன் காலத்துப் பிரம்பை முறித்துக் குசினி அடுப்பில் வைத்தேன். படுக்கையை நனைக்கிற பிள்ளைக்கு ரப்பர் விரிப்பு, கேள்வி கிடையாது, காலையில் சத்தம் போடாமல் மாற்றுத்துணி. கடிதத்தை நிற்பாட்டி, ஞாயிறு பின்னேரம் கந்தோரில், என் அலுவலக அறையில், தொலைபேசி வைத்தேன். வீட்டிலிருந்து அழைப்பு வந்ததும் ஸ்பீக்கரில் போடுவேன். பக்கத்துக் கதிரையில் நானும் இருப்பேன். பிள்ளை அழ வெளிக்கிட்டால், "சரி சரி, அம்மாக்குக் கவலை குடுக்கக் கூடாது, வேற கதையுங்கோ" என்பேன். அதை அன்பு என்றே நம்பினேன். பிள்ளை சேர்க்க வருகிறவர்களிடம் முதலில் அதைத்தான் பெருமையாகச் சொல்வேன்.

இந்தத் தை மாதம் ஒரு தாய் மகளோடு வந்தார்.

"கட்டாருக்கு வேலைக்குப் போறன் ரீச்சர். இவர் கடலுக்குப் போனால் ரெண்டு மூண்டு நாளைக்கு வரமாட்டார். பிள்ளையத் தனிய விட ஏலாது."

படிவத்தைக் கொடுத்தேன். அவர் நிரப்பித் தந்தபோது முதலில் ஊரின் பெயரைக் கண்டேன். பிறகு அந்த வட்ட வட்டமான எழுத்தைக் கண்டேன். அவர் முகத்தில் என்னைத் தெரிந்த குறி ஒன்றும் இல்லை. 'அப்பாடா' என்றுதான் முதலில் நினைத்தேன். வெட்கக்கேடு, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

"நான் அங்க இருந்து கோல் எடுக்கேக்குள்ள பிள்ளை என்னோட தனியக் கதைக்கலாமோ?" என்று கேட்டார்.

நான் வழக்கமாகச் சொல்வதை ஒப்புவித்தேன். ஸ்பீக்கர், பக்கத்துக் கதிரை, தாய்க்குக் கவலை கொடுக்கக் கூடாது என்பது எல்லாம். அவர் கேட்டு முடித்துவிட்டுப் படிவத்தின் மேல் கையை வைத்தார்.

"அப்ப நீங்கள் இன்னும் வாசிச்சுக்கொண்டுதான் இருக்கிறீங்கள், அக்கா."

இந்த முறை ரீச்சர் என்று சொல்லவில்லை. வாசலில் கால் வைத்தபோதே என்னை அடையாளம் கண்டிருக்கிறார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. முப்பது பிள்ளையை நீ வைத்துப் பார், பிறகு கதை என்று சொல்ல வாய் உன்னியது. மகள் பக்கத்தில் நின்று என்னையே பார்த்தாள். அவளை முற்றத்தில் மான் பார்க்க அனுப்பினேன். அவள் போனதும் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"கிழிச்சது நான்தான்" என்றேன்.

"தெரியும். மான் திண்டதையும் பாத்தனான்."

"மேற்றன் மூண்டு சுத்துத்தான் சொன்னவா. அஞ்சு நடக்க வச்சது நான். உங்கள மாதிரி நானும் பாய் தூக்கின ஆள்தான். தெரிஞ்சுகொண்டுதான் செய்தனான். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் என்னை மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. "அம்மா போன வருசம் செத்துப்போனா" என்றார். "என்ர மகள் போர்டிங்கில ராசாத்தி மாதிரி இருந்தவள் எண்டு சாகுமட்டும் சொல்லித் திரிஞ்சவ. நான் போட்ட கடிதம் எல்லாத்தையும் கட்டி வச்சிருந்தவ. எடுத்துப் பாத்தன். எல்லாம் பலகையில இருந்ததுதான். நான் சொன்னது எண்டு ஒண்டும் இல்ல."

நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்குக் கிட்டடியில வேற விடுதி இல்ல அக்கா. அதாலதான் இஞ்ச வந்தனான். என்ர பிள்ளை எனக்கு உண்மையச் சொல்லோணும். அழுதாலும் பரவாயில்ல, உங்களப் பற்றிக் கூடாம சொன்னாலும் பரவாயில்ல. அதுக்கு ஓம் எண்டால் விட்டுட்டுப் போறன். இல்லாட்டி இப்பவே கூட்டிக்கொண்டு போறன், கட்டாரும் வேண்டாம்."

"ஓம்" என்றேன்.

"சத்தியமாவோ?"

"சத்தியமா."

படிவத்திலிருந்து கையை எடுத்தார்.

அவர் கட்டாருக்குப் போன பிறகு வந்த முதல் ஞாயிறு, பின்னேரம் தொலைபேசி அடித்தது. பழக்கதோஷத்தில் என் விரல் நேரே ஸ்பீக்கருக்குப் போனது. இழுத்துக்கொண்டேன். பிள்ளையின் கையில் தொலைபேசியைக் கொடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். பக்கத்தில் நின்றால் காது சும்மா இருக்காது என்று கிணற்றடி வரைக்கும் போனேன். கிணற்றுக்கு இப்போது கம்பிவலை போட்டு மூடியிருக்கிறோம். நான் சுற்றியதும் இவளுடைய தாயைச் சுற்ற வைத்ததும் அதே கிணறுதான்.

உள்ளே பிள்ளை அழுகிற சத்தம் வந்தது. சொல் விளங்கவில்லை, அழுகை மட்டும் கேட்டது. ஐயோ, அந்தப் பத்து நிமிடத்தில் நான் பட்ட பாடு! ஓடிப்போய் 'சரி சரி' என்று சொல்ல நாக்குத் துடித்தது. இரண்டு தரம் கதவு வரைக்கும் போய்த் திரும்பினேன். நாய் வாலை நிமிர்த்துவது லேசான காரியமா? வியாழக்கிழமை அவள் கைதவறிப் பீங்கான் தட்டு ஒன்றை உடைத்ததற்கு நான் போட்ட சத்தம் நினைவுக்கு வந்தது. அதைத்தான் சொல்கிறாளோ? சொல்லட்டும் என்று கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கதவு திறந்தது. மூக்கு சிவந்து, கன்னம் நனைந்து நின்றாள்.

"ரீச்சர், அம்மா உங்களோடயும் கதைக்கோணுமாம்."

உள்ளே போய் எடுத்தேன்.

"நல்லா அழுதுபோட்டாள்" என்றார் தாய்.

"ஓம், சத்தம் கேட்டது. கதை கேக்கேல்ல. கிணத்தடியில நிண்டனான்."

"பீங்கான் உடைச்சதுக்கு ஏசினீங்களாம்."

"ஏசினனான். கூடத்தான் ஏசிப்போட்டன். அதை அவளிட்டயும் சொல்லுறன்."

அவர் பீங்கான் கதையை அதோடு விட்டார்.

"அக்கா, அந்தக் கடிதத்தின்ர மற்றப் பக்கம் வாசிச்சனீங்களோ?"

"இல்லை."

"அதில எழுதினனான், அம்மா வரேக்குள்ள இறால் பொரியல் கூடக் கொண்டு வாங்கோ, அந்த அக்காக்கும் குடுக்கோணும், அவவப் பாக்க ஆரும் வாறேல்ல எண்டு. கடிதம் போகேல்லத்தானே. அம்மா வழக்கமாக் கொண்டு வாறளவுதான் கொண்டு வந்தவ. அதால என்ர பங்கில நாலு தந்தனான்."

இத்தனை வருடமும் அதை அவள் பயத்தில் தந்த லஞ்சம் என்று நான் நினைத்திருந்தேன். என்னவோ சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை, 'வேற கதையுங்கோ' என்றும் சொல்லவில்லை. நான் அழுது முடிக்கும் மட்டும் இருந்துவிட்டு, "வாற ஞாயிறு எடுக்கிறன்" என்று வைத்தார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். கந்தோர்க் கதவு சாத்தியிருந்தது. நான் சாத்தவில்லை. திறந்து பார்த்தால், பிள்ளை தள்ளிப்போய், நான் நின்ற அதே கிணற்றடியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கதவுச் சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

"கதைச்சு முடிஞ்சுதோ, ரீச்சர்?" என்றாள்.