எல்லாரும் பாடிய பாட்டை அக்கா பாடியது

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரை அறிந்த உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், உடன்பிறந்த ஒரே தம்பியாகிய நான் இந்த நினைவு மலரில் இதை எழுதுகிறேன்.

அக்கா இராசிபுரத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தார். தாய் தந்தையரை இளமையிலேயே இழந்தோம். தறிகாரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுத்து அக்காதான் என்னைப் படிக்க வைத்தார். அந்த வேலைக்கு நடுவிலும் பாட்டை முறையாகக் கற்றார். கோயில் விழாவில் அவர் பாடியதைக் கேட்ட சேலத்துக் கிராமபோன் கடைக்காரர், சென்னையில் இசைத்தட்டுக்குப் பாட ஏற்பாடு செய்தார்.

எதைப் பாடுவது என்பதில்தான் பிணக்கு வந்தது. அக்கா சொன்னது, பெயர் பெற்ற பாடகர்கள் பலரும் இசைத்தட்டில் பாடிவிட்ட ஒரு கல்யாணிக் கீர்த்தனை.

"ஏனுங்க அம்மணி, பெரியவங்க அத்தனை பேரும் அதைப் பாடிட்டாங்க. சின்ன வயசு, அவங்களோட ஒப்பிட்டு ஒதுக்கீருவாங்க. ஆரும் பாடாததாப் பாடுங்க" என்றார் கடைக்காரர்.

"அவங்க பாடிட்டாங்க, சரிங்க. நான் இன்னும் பாடலீங்களே" என்றார் அக்கா.

ஏன் அந்தப் பாட்டே வேண்டும் என்று சென்னைக்கு ரயிலில் போகும்போது நானும் கேட்டேன். "தெரியாத பாட்டைப் பாடினா, பாட்டு எப்படீன்னு கேப்பாங்க. தெரிஞ்ச பாட்டைப் பாடினாத்தான் சாமி, நான் எப்படீன்னு கேப்பாங்க" என்றார்.

தட்டின் ஒரு பக்கம் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். மற்றவர்கள் வேகமாகப் பாடிக் கீர்த்தனையை அதற்குள் அடக்கியிருந்தார்கள். அக்கா தம் நிதானத்தை விடவில்லை. சரணத்துக்கு இடமில்லாமல் போயிற்று. பாட்டு பாதியில் நிற்கிறதென்று வாங்கியவர்கள் தட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். கம்பெனியார் மறுபடி அழைக்கவில்லை. குமாரபாளையத்தில் பேசி முடித்திருந்த சம்பந்தமும், "பிளேட்டுல பாடற பொண்ணு ஊட்டுல தங்குமா?" என்ற கேள்வியோடு நின்றுபோயிற்று. அக்கா பிறகு மணம் செய்துகொள்ளவே இல்லை.

சேந்தமங்கலத்தில் ஓர் உறவினர் திருமணத்தில் அந்தத் தட்டைப் போட்டார்கள். "இது ஆரு? பெரியவங்க பாடினதை மாத்திப் போடுப்பா" என்றார் ஒருவர். பந்திக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா தலை நிமிரவில்லை.

எனக்குச் சேலத்தில் வேலை கிடைத்தபின் அவர் இராசிபுரத்தில் தனியே இருந்தார். எத்தனை அழைத்தும் வரவில்லை. வீட்டுக்குள் தமக்காக மட்டும் பாடிக்கொள்வார் என்று பக்கத்து வீட்டார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மார்பு நோயில் விழுந்து, பேசும் குரலும் அடங்கி, அமைதியாகக் கண்மூடினார்.

கடைசி நாட்களில் கஞ்சி வைத்துக் கொடுத்த அண்டை வீட்டாருக்கும், அழைத்தபோதெல்லாம் வந்த மருத்துவருக்கும், இறுதிவரை துணை நின்ற உறவினர்களுக்கும் என் வணக்கம்.

இன்னும் ஒருவர் இருக்கிறார். காரியம் முடிந்த சில நாட்களில் ஓமலூர்ப் பக்கத்துக் குடியானவர் ஒருவர் விசாரித்துக்கொண்டு வந்தார்.

"பிளேட்டுல பாடினவங்க ஊடு இதுதானுங்களா? எங்க பொண்ணு கல்யாணத்துக்குப் பாடக் கூப்பிட வந்தேனுங்க."

விவரம் சொன்னேன். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அதே பாட்டு வேற ஆளுங்க பாடினதும் எங்க ஊட்டுல இருக்குதுங்க. பொண்ணு இவங்க பாடினதைத்தான் போடச் சொல்லும். மத்தவங்க பாடினாப் பாட்டுக் கேக்குதுங்க. இவங்க பாடினா, பக்கத்துல ஆரோ ஒருத்தங்க இருக்கற மாதிரி இருக்குதுங்க."

தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் புறப்பட்டார். பெயர் கேட்க எனக்குத் தோன்றவில்லை. இந்த மலர் அவர் கைக்குப் போய்ச் சேராது. ஆயினும் அவருக்கும் அவர் மகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.