தூங்கியது நான்தான்

அந்த வருடம் ரப்பர் மரங்கள் இலை கொட்டி மறுபடி துளிர்த்த சமயத்தில், பால் வெட்டுவதற்கு என் மனைவிக்குத் தனியாக மரங்களைப் பிரித்து ஒரு துண்டு கொடுத்தார்கள். அதுவரை எட்டு வருடம் அவள் புல் வெட்டும் கூட்டத்தில் குனிந்தபடியே கிடந்தவள். அவளுடைய துண்டு ரோட்டோரத்தில், என்னுடையதற்குக் கீழே இருந்தது. எல்லாம் இளமரங்கள். முதல் நாள் வேலை முடிந்து வந்து, "ஏங்க, இனிமே எனக்கும் நிமுந்து நிக்கிற வேல" என்றாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருந்தோம். எனக்கு முப்பத்தைந்து வயது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். நாலு பேர் கூடி நின்றால் சுற்றுவழியில் போகிறவன். ஆனால் ஓடுவேன். முந்தின வருடம் எங்கள் லயத்து வீடுகளில் ஒரு பெண்ணைப் பாம்பு கடித்தபோது, தோட்டத்து லொறி இல்லாததால் நான்தான் மூன்று கட்டை, அதாவது மூன்று மைல் தூரம் கடைவீதிக்கு ஓடி வேன் கூட்டி வந்தேன். அதைத் தோட்டத்துச் சங்கத் தலைவர் மறக்கவில்லை. சித்திரைக் கொண்டாட்டத்துக்காகக் கடைவீதி இளைஞர்கள் மரதன் ஓட்டம் வைத்தபோது, என்னைக் கேட்காமலே என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார்.

"ஏழு கட்டைதான். ஒனக்கு என்னப்பா அது? நம்ம லயத்துல இருந்து ஒருத்தனாவது அங்க போய் நிக்கணும்" என்றார்.

மாட்டேன் என்று சொல்ல எனக்கு வரவில்லை. மாட்டேன் என்பதும் நாலு பேர் முன்னால் வாய் திறப்பதுதானே. ஓட்டத்துக்கு ஒரு வாரம் இருந்தது.

எப்படிப் பழக வேண்டும் என்று எனக்குச் சொல்ல யாரும் இல்லை. ஓடினால் ஓட்டம் வரும் என்று நினைத்தேன். விடிவதற்கு முன்னால் எழுந்து பாலம் வரை ஓடிவிட்டு, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுப்பேன். வேலை முடிந்து பின்னேரம் இன்னொரு தடவை ஓடுவேன். தலைவர் சொன்னபடி பச்சை முட்டை இரண்டு. கடைவீதியில் கடை வைத்திருந்த சிங்கள முதலாளி என்னைக் கண்டால், "மல்லி, ஹொந்தட்ட துவன்ன" என்று கை தட்டுவார், நன்றாக ஓடு தம்பி என்று. நான் தலையைக் குனிந்துகொண்டு வேகத்தைக் கூட்டுவேன். அந்தக் கைதட்டல் பிடிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

மூன்றாம் நாள் தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. லயத்துப் படியில் பக்கவாட்டில்தான் இறங்க முடிந்தது. "வழி விடுங்கடா, மரதன் வீரர் நண்டு மாதிரி வாராரு" என்று பைப்படியில் நின்ற பொம்பளைகளே கத்தினார்கள். மரத்துக்கு மரம் மேட்டில் ஏறி இறங்கும்போது கண் சொருகியது. பால் வெட்டுகிற கத்தி பட்டையில் மட்டும் மெல்லியதாகப் போக வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனாலும் மரம் காயப்பட்டுவிடும். பதினைந்து வருடத்தில் எனக்கு விழாத காயம் அன்று ஒரே துண்டில் ஆறு மரத்தில் விழுந்தது. வேலையைப் பார்வையிட வந்த கணக்குப்பிள்ளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார்.

மறுநாள் அவர் பேசினார். மரமெல்லாம் வெட்டி முடித்த பிறகு, பால் சிரட்டையில் வடிந்து தீர இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் ரொட்டியைத் தின்றுவிட்டு உட்கார்ந்திருப்போம். பிறகு வாளியை எடுத்துப் பாலைச் சேர்ப்போம். அன்று நான் உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்து தூங்கிப் போனேன். பூட்ஸ் கால் ஒன்று என் முழங்காலைத் தட்டியது.

"என்னப்பா, ஓட்டக்காரரு? தோட்டத்துக்கு வேல செய்யிறியா, இல்ல கடைவீதிக்கு ஓடுறியா? இன்னொரு தடவ தூங்கிக் கண்டேன், கத்தியப் புடுங்கிக்கிட்டு புல்லுக்கு அனுப்பிடுவேன், தெரிஞ்சுக்க."

அன்று பின்னேரம் ஓடாமல் இருந்திருக்கலாம். ஓடினேன். முதலாளி கை தட்டினார்.

வெள்ளிக்கிழமை எட்டரைக்கே வெட்டி முடித்தேன். உட்காரக் கூடாது என்று நின்றுகொண்டிருந்தேன். ஒரு நிமிடம் என்று உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்தது முகத்தில் விழுந்த மழைதான்.

எங்கள் பக்கத்தில் மழை பெரும்பாலும் பின்னேரந்தான் வரும். அன்று பத்து மணிக்கே கொட்டியது. மழை விழுந்தால் சிரட்டைகள் நிறைந்து பால் தண்ணீரோடு வழிந்துவிடும். பதறி எழுந்து வாளியைத் தேடினேன். வாளி இல்லை. மேலே என் மனைவி என் வாளியோடு கடைசி வரிசை மரங்களில் ஓடிக்கொண்டிருந்தாள். சேலை முழுக்க நனைந்திருந்தது. என் மரங்கள் அத்தனையிலும் சிரட்டை வெறுமையாக இருந்தது.

"ஒன்னுது?" என்று கேட்டேன்.

"வானம் கருத்ததும் ஒங்களப் பாக்க வந்தேன். செத்த மாதிரி கெடந்தீங்க. ராத்திரி பூரா கால் வலின்னு அனத்துன மனுசன எப்பிடி எழுப்புறது? கணக்கப்புள்ள வந்தா கத்தியப் புடுங்கிருவாருல்ல, அதான் மொதல்ல இத எடுத்தேன்."

இரண்டு பேரும் கீழே ஓடினோம். அவளுடைய துண்டில் ஒவ்வொரு மரத்தின் அடியிலும் வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. அரிசி கழுவின தண்ணீர் மாதிரி கால் வாளி கிடைத்தது.

பாலை அளந்து எடுக்கிற ஸ்டோரில் வரிசையாக நின்றோம். என் வாளியைப் பார்த்ததும் அங்கே மழைக்கு ஒதுங்கியிருந்த தலைவர், "பாத்தீங்களா ஐயா, ஓடுறவன் வேலையிலயும் ஓடியிருக்கான். மழைக்கு முந்தி சேத்துப்புட்டான்" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். கணக்குப்பிள்ளைகூடத் தலையை ஆட்டினார். அடுத்து என் மனைவியின் வாளி. பாலில் தண்ணீர் எவ்வளவு என்று காட்டுகிற மட்டக்கோலை விட்டுப் பார்த்தார்.

"இது என்ன புள்ள, பாலா தண்ணியா? பக்கத்துத் துண்டுல முழு வாளி வந்துருக்கு. ஒனக்கு மட்டும் தனி மழையா? தூங்குனியா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் என் கையில் ஒட்டியிருந்த ரப்பர் நாரைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். கூரையில் மழைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஆமாங்கய்யா. கொஞ்சம் கண்ணசந்துட்டேன்" என்றாள்.

"புதுசாத் துண்டு குடுத்தா இதான். இன்னைக்கு அரைப்பேர், பாதிச் சம்பளந்தான். திங்கக்கெழமையில இருந்து பழையபடி புல்லுக்குப் போ."

எல்லாரும் இருந்தார்கள். தூங்கியது நான்தான் ஐயா என்ற ஒரே ஒரு பேச்சு. அதை நான் சொல்லவில்லை. வெட்கத்தால் வாய் வரவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லி வந்தேன். வெட்கம் மட்டும் இல்லை. அந்தச் சிரிப்பும் தலையாட்டலும் எனக்கு வேண்டியிருந்தன.

வீட்டில் அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. சனிக்கிழமை சுடுதண்ணீர் வைத்து என் காலுக்கு ஒத்தடம் கொடுத்தாள். நானும் காலை நீட்டிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. லயத்து ஆட்கள் லொறியில் வந்திருந்தார்கள். முதல் இரண்டு கட்டை முன்னால் ஓடியவர்களோடு ஓடினேன். அதன் பிறகு என் உடம்பில் ஒன்றுமே மிச்சம் இல்லை. நாலாவது கட்டைக்கு முந்தின வளைவில் அவள் போத்தலில் தண்ணீரோடு நின்றாள். "ஏங்க, குடிச்சிட்டுப் போங்க" என்று கையை நீட்டினாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் ரோட்டின் அடுத்த பக்கத்தால் ஓடினேன். நூறு அடி தாண்டி மதகுக் கட்டில் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் வந்த வேனில் என்னை ஏற்றினார்கள். தலைவர், "பரவால்லடா, அடுத்த வருசம் பாப்போம்" என்று தோளைத் தட்டினார். யாராவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை பெரட்டில் என் மனைவியைப் புல் வெட்டுகிறவர்களோடு நிற்க வைத்தார்கள். அவள் குனிந்து சேலையின் மேல் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தாள். என்ன ஆனது என்று தெரியவில்லை, நான் கணக்குப்பிள்ளைக்கு முன்னால் போய் நின்றேன்.

"ஐயா, வெள்ளிக்கெழம தூங்குனது நான்தாங்க. எம் பாலச் சேத்தது அவதான். அதுலதான் அவ துண்டு வழிஞ்சு போச்சு."

அவர் சிரித்தார்.

"பொண்டாட்டிக்காகப் பொய் சொல்றியாக்கும்? நல்ல மனுசன்தான்பா நீ. அவளே ஒத்துக்கிட்டாளே. அந்தத் துண்ட வேற ஆளுக்குக் குடுத்தாச்சு. போ, போய் வேலயப் பாரு."

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். "கட்டுனா இப்பிடி ஒருத்தனக் கட்டணும்" என்று ஒரு அக்கா சொன்னார். இல்லை, உண்மையாகத்தான் சொல்கிறேன் என்று இரண்டாம் தடவை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொல்லி அதற்கும் நல்ல பெயர் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

மலைக்குப் போகிற பாதையில் அவளை எட்டிப் பிடித்தேன்.

"நான் சொல்லிட்டேன். அவருதான் நம்பல."

"கேட்டுச்சு" என்றாள். நடந்துகொண்டே இருந்தாள். கொஞ்சத் தூரம் போன பிறகு, "வெள்ளிக்கெழம ஸ்டோர்லயும் நான் ஒங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ரொட்டி சுற்றியிருந்த பொட்டலத்தில் என் பங்கை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, புல் வெட்டுகிறவர்கள் போன பக்கம் திரும்பினாள்.

மறுபடி அவளுக்கு ஒரு துண்டு கிடைக்க மூன்று வருடம் ஆனது. உச்சியில், பட்டை தீர்ந்த கிழட்டு மரங்கள். அந்த மூன்று வருடமும், பால் வடிகிற நேரத்தில், என் துண்டிலிருந்து பார்த்தால் கீழே அவள் குனிந்திருப்பது தெரியும். நான் உட்காராமல் நிற்பேன். சுறுசுறுப்பான ஆள் என்று கணக்குப்பிள்ளை மற்றவர்களிடம் என்னைக் காட்டிச் சொல்வார்.